ஐந்து தோட்டாவும் ஆறு தோட்டாவும்

கோடை விடுமுறைக்குக் கோவையிலிருந்து கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் கூடலூருக்கும் திரும்பும் கல்லூரிப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் மே மாதம் கழிவதில்லை: “தோட்டா மழை கேம் ஒண்ணு பண்ணணும், எந்த எஞ்சின் போடறதுங்கண்ணா?” திரை நிறையப் பாய்ந்து வரும் தோட்டாக்களுக்கு நடுவே கப்பலை ஓட்டித் தப்பும் கேம்தான் தோட்டா மழை, கேமை எழுதி ஓட்டும் மென்பொருள்தான் எஞ்சின். கேட்கும்போதே பாதி முடிவோடுதான் வருகிறார்கள். சீனியர் யூனிட்டி என்று சொல்லியிருப்பார், யூடியூப் அன்ரியல் என்று சொல்லியிருக்கும். இரண்டும் பல ஜிபி இறக்க வேண்டியவை. கூடலூர்ப் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் மரம் விழும், கம்பி அறும், கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பாதியில் நின்ற டவுன்லோடை வைத்துக்கொண்டு விடுமுறையே முடிந்துவிடுகிறது. ஆனால் டவுன்லோடு அளவு இங்கே சின்னப் பிரச்சினைதான். பெரிய எஞ்சின் ஒன்றை எப்படியோ நிறுவிவிட்ட பிள்ளைகளும் இரண்டு மாதம் கழித்து மெனு, லோகோ, வெடிப்பு எஃபெக்ட், கப்பலின் படம் எல்லாம் செய்து வைத்திருப்பார்கள். தோட்டா மட்டும் நேராகக் கீழே வந்துகொண்டிருக்கும். அந்த வகை கேமின் உயிரே தோட்டாதானே, அதை ஏன் யாரும் முதலில் தொடுவதில்லை என்ற கேள்வி என்னை விடுவதாக இல்லை.

இப்போது எனக்கு ஒரு தெளிவு இருக்கிறது. தோட்டா மழை கேமைத் தொடங்க வேண்டிய இடம், தோட்டாவைத் தவிர வேறெதையும் செய்ய விடாத ஒரு சிறிய எஞ்சின். என் பரிந்துரை டான்மாகுஃபு, அதிலும் பிஎச்3 என்ற பதிப்பு. டோஹோ என்ற ஜப்பானியத் தோட்டா மழைத் தொடரைப் போலத் தாங்களும் எழுதிப் பார்க்க விரும்பிய ரசிகர்களுக்காக ஜப்பானில் உருவானது. டோஹோ தொடரின் பின்னால் இருப்பவர் ஸூன் என்ற ஒரே ஆள்: நிரல், படம், இசை எல்லாம் அவரே. விண்டோஸுக்கான அவருடைய முதல் டோஹோ 2002இல் வந்தது. தனி ஆளாகத் தொடங்குகிறவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது. டான்மாகுஃபுவின் ஜிப் கோப்பு சில எம்பிதான். பழைய லேப்டாப்பில், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல், இணையமே இல்லாமல் ஓடும். எழுதுவதெல்லாம் டெக்ஸ்ட் கோப்பு. பாஸ் எனும் பெரிய எதிரியோடு நடக்கும் ஒரு முழுச் சண்டையும் சில கேபி அளவில் அடங்கிவிடுவதால் ஒரு கோடு சிக்னல் இருந்தாலும் வாட்ஸப்பில் நண்பனுக்கு அனுப்பிவிடலாம்.

குறைகளும் உண்டு. விண்டோஸில் மட்டுமே ஓடும், போனில் போட முடியாது. மூல ஆவணங்கள் ஜப்பானிய மொழியில். அதன் ஸ்கிரிப்ட் மொழியை வேறெங்கும் பயன்படுத்தப் போவதில்லை. “வேலைக்கு உதவாததை ஏன் கத்துக்கணும்?” என்று கேட்பவர்களுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் இதில் கற்பது மொழியை விட அதற்குள் இருக்கும் மூன்று பழக்கங்களை: நேரத்தை ஃப்ரேமாக (திரையில் ஒரு படம் மாறும் நேரம்) எண்ணுவது, பல வேலைகளை ஒன்றாக ஓடவிடுவது, கோணத்தை வைத்து யோசிப்பது. இவை எந்த எஞ்சினுக்கும் கூடவே வரும்.

முதல் மாலைக்கான வேலை

ஜிப்பை சி டிரைவில் நேராக ஒரு சிறிய பெயருள்ள அடைவில் விரியுங்கள். அடைவுப் பெயரில் தமிழ் எழுத்தோ இடைவெளியோ வேண்டாம், பழைய மென்பொருள்கள் இதில் தடுமாறுவதுண்டு. புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளும் வைக்க வேண்டாம், அங்கே எழுத விண்டோஸ் அனுமதி கேட்கும். முதல் தடவை திறக்கும்போது டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் ஒரு டிஎல்எல் கோப்பு இல்லை என்று பிழை வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இந்த எஞ்சின் டைரக்ட்எக்ஸ் 9இல் எழுதப்பட்டது, புதிய விண்டோஸில் அந்தப் பழைய கோப்புகள் கூட வருவதில்லை. மைக்ரோசாஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் தொகுப்பை நிறுவினால் சரியாகிவிடும். அதன் முழுத் தொகுப்பு நூறு எம்பிக்குச் சற்றுக் குறைவு. நெட் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் ஊரில் நாலு பேருக்குப் பயன்படும். மறக்காமல் கான்ஃபிக் நிரலைத் திறந்து, முழுத்திரையை விட்டுவிட்டு ஜன்னல் முறையைத் தேர்ந்தெடுங்கள். எழுதுவதும் ஓட்டிப் பார்ப்பதும் மாறி மாறி நடக்கிற வேலை இது. முழுத்திரையில் அது சலித்துவிடும்.

திரை 640க்கு 480 பிக்சல். அதற்குள் ஆட்டம் நடக்கும் களம் 384க்கு 448. களத்தின் இடது மேல் மூலைதான் சுழியம், கீழே போகப் போக ஒய் கூடும். அதனால் கோணத்தில் முதல் நாளே ஒரு குழப்பம் வரும். 0 பாகை வலப்பக்கம், இதில் மாற்றமில்லை. பள்ளிக் கணக்கில் 90 பாகை மேலே, இங்கே 90 கீழே. பாஸ் மேலே நின்று வீரரை நோக்கிச் சுட 90 என்று கொடுக்க வேண்டும். பாகை, ரேடியன் மாற்றும் தொல்லை இல்லை, சைனும் கோசைனும் பாகையையே வாங்கிக்கொள்ளும். வேகம் ஒரு ஃப்ரேமுக்கு இத்தனை பிக்சல் என்ற கணக்கு, நொடிக்கு 60 ஃப்ரேம்.

ஸ்கிரிப்டின் தலையில் இது டான்மாகுஃபு கோப்பு, ஒற்றைத் தாக்குதல் வகை, பதிப்பு 3 என்று சொல்லும் சில வரிகள். பிறகு நான்கு பகுதிகள். இனிஷியலைஸ் ஒரே ஒரு தடவை ஓடும்: பாஸை உருவாக்கிப் பதிவு செய்வதும், தாக்குதல் டாஸ்க்கை (மற்றவற்றோடு சேர்ந்து தனியாக ஓடும் வேலைத்துண்டு) கிளப்பிவிடுவதும் இங்கே. மெயின்லூப் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஓடும்: பாஸின் மீது அடி விழும் வட்டத்தை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இங்கே போட வேண்டும், கடைசியில் யீல்டு (இது என்ன என்று கீழே வருகிறது). இவென்ட் பகுதியில் பாஸின் உயிர் எவ்வளவு, நேரம் எத்தனை நொடி என்று எஞ்சின் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் உயிர் 500, நேரம் 60 போதும். ஃபைனலைஸ் காலியாக இருக்கலாம்.

தோட்டாவைப் பிறப்பிக்கும் அடிப்படைக் கட்டளை கிரியேட்ஷாட்ஏ1. ஆறு மதிப்புகள் கேட்கும்: எக்ஸ், ஒய், வேகம், கோணம், எந்தப் படம், தாமதம். கடைசியில் இருக்கும் தாமதத்தைப் பலர் சுழியமாக விட்டுவிடுகிறார்கள். அது தவறு. தாமத நேரத்தில் தோட்டா புகைபோலத் தெரியும், தொட்டாலும் அடி விழாது. எங்கிருந்து வரப்போகிறது என்று கண்ணுக்கு முன்கூட்டிச் சொல்வது அதுதான். 10 ஃப்ரேம் கொடுங்கள். பாஸ் நகர்ந்துகொண்டே சுட்டால் 15.

யீல்டு

எங்கே எல்லாரும் தடுக்கி விழுகிறார்களோ அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். யீல்டு என்ற ஒரு சொல், “என் வேலை இந்த ஃப்ரேமுக்கு இவ்வளவுதான், அடுத்த ஃப்ரேமில் இதே இடத்திலிருந்து தொடர்கிறேன்” என்று எஞ்சினிடம் சொல்கிறது. லூப் 30க்குள் யீல்டு போட்டால் அரை நொடிக் காத்திருப்பு. தாக்குதல் டாஸ்க் சுடும், 30 ஃப்ரேம் காத்திருக்கும், மறுபடி சுடும். அதே சமயம் இன்னொரு டாஸ்க் பாஸை இடம் வலமாக நகர்த்திக்கொண்டிருக்கும். ஒன்றுக்கொன்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இதில் நடக்கும் தவறுகள் நாலுதான், ஒவ்வொன்றுக்கும் தனி முகம் உண்டு. முகத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். ஜன்னல் அப்படியே உறைந்து ‘பதிலளிக்கவில்லை’ என்று வந்தால், முடிவில்லாத வைல் சுழற்சிக்குள் யீல்டு போடவில்லை என்று பொருள். அந்த டாஸ்க் ஃப்ரேமை விட்டுத்தரவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிறது. பாஸ் முதல் சுற்று சுட்டுவிட்டு அப்புறம் சிலையாக நின்றால், டாஸ்க்கில் யீல்டு இருக்கிறது, மெயின்லூப்பில் இல்லை. களம் ஓரிரு நொடியில் தோட்டாவால் நிரம்பி ஃப்ரேம் எண்ணிக்கை சரிந்தால், டாஸ்க்கை இனிஷியலைஸில் அழைக்காமல் மெயின்லூப்பில் அழைத்திருக்கிறீர்கள். நொடிக்கு 60 புது டாஸ்க் பிறக்கிறது, ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுடுகிறது. நாலாவதுதான் விசித்திரமானது: பாஸ் செத்த பிறகு களத்தின் இடது மேல் மூலையிலிருந்து தோட்டாக்கள் கிளம்பும். பாஸ் பொருளை அழித்தாயிற்று, தாக்குதல் டாஸ்க் அழியவில்லை. அது பாஸ் எங்கே என்று கேட்கிறது, இல்லாத பொருளுக்கு எஞ்சின் சுழியம், சுழியம் என்று பதில் தருகிறது. டாஸ்க்கின் சுழற்சிக்கு ‘பாஸ் இருக்கும்வரை’ என்று நிபந்தனை வைத்தால் தீர்ந்தது. உயிர் தீர்ந்ததும் பாஸை அழித்து, மிச்சத் தோட்டாக்களைத் துடைத்து, குளோஸ்ஸ்கிரிப்ட் கொடுப்பதையும் விடக்கூடாது. விட்டால் காலிக் களத்தில் வீரர் மட்டும் பறந்துகொண்டிருப்பார்.

இந்த நாலையும் வேண்டுமென்றே ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பது ஒரு மாலைக்கான மிக நல்ல பயிற்சி. கெட்டுப்போனதைப் படிக்கத் தெரிந்த பிறகுதான் எழுதுவதில் தைரியம் வரும்.

முன்னும் பின்னும் கணக்கு

அடுத்து எல்லாரும் செய்வது வட்டம். 360ஐ 36ஆல் வகுத்து, 10 பாகைக்கு ஒன்றாக 36 தோட்டாக்கள். அசென்ட் என்ற எண்ணும் சுழற்சியில் மூன்று வரி. திரையில் பூ விரிவது போல இருக்கும், முதல் தடவை பார்க்கும்போது மனம் நிறையும். அங்கேயே அடுத்த தவறும் தொடங்குகிறது. அழகாக இருக்கிறதே என்று 36ஐ 72 ஆக்கி, 30 ஃப்ரேமுக்கு ஒரு தடவை என்பதை 10 ஆக்கி, வேகத்தையும் கூட்டிவிடுகிறார்கள். ஆடிப் பார்த்தால் தாண்ட முடியவில்லை. வேகத்தைக் குறைக்கிறார்கள், இன்னும் மோசம். மெதுவான தோட்டா களத்தில் அதிக நேரம் தங்கும், அடர்த்தி கூடும் என்பது தோன்றுவதில்லை.

ஆடிப் பார்ப்பதற்கு முன்பே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். பாஸ் களத்தின் நடுவில் மேலே, ஒய் 100இல் நிற்கிறது. வீரர் ஒய் 400இல். தூரம் 300 பிக்சல். வேகம் 2 என்றால் 150 ஃப்ரேம், அதாவது இரண்டரை நொடி. வேகம் 3க்கு 100 ஃப்ரேம். வேகம் 6க்கு 50 ஃப்ரேம், ஒரு நொடிக்கும் குறைவு. கண்ணில் பட்டதற்குக் கை அசைய மனிதருக்குக் கால் நொடி, சுமார் 15 ஃப்ரேம் போய்விடும் என்பதையும் கழியுங்கள். இனி இடைவெளி. 300 பிக்சல் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1885. அதில் 36 தோட்டா என்றால் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே 52 பிக்சல். 72 என்றால் 26. தோட்டாவின் அடி விழும் ஆரத்தை 4 என்றும் வீரருடையதை 2 என்றும் கொண்டால், 26இல் 12 போக 14 பிக்சல் மிச்சம். நுழையலாம், ஆனால் உள்ளே போன பிறகு அசைய இடம் குறைவு. அதே 36 தோட்டா வட்டம் பாஸிடமிருந்து 100 பிக்சலில் 17 பிக்சல் இடைவெளிதான் விடும். பாஸின் அருகே போகிறவர் ஏன் சாகிறார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

வட்டத்தைத் திருப்பாமல் அதே கோணங்களில் திரும்பத் திரும்பச் சுட்டால் வீரர் ஓர் இடைவெளியில் போய் நின்று டீ குடிக்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் 5 பாகை தள்ளினால், முந்தைய சுற்றில் இடைவெளி இருந்த இடத்தில் இப்போது தோட்டா. இடைவெளியின் நடுவில் நின்ற வீரர் அடுத்த இடைவெளியின் நடுவுக்குப் போக 26 பிக்சல் நகர வேண்டும். சாதாரண வேகம் 4, ஷிஃப்டை அழுத்தினால் 1.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக நகர்ந்தால் 16 ஃப்ரேம், சாதாரணமாக 7. ஆகவே 30 ஃப்ரேமுக்கு ஒரு வட்டம் நிதானமான ஆட்டம். 12 ஃப்ரேமுக்கு ஒன்று என்றால் ஷிஃப்டோடு நடுவுக்குப் போய்ச் சேர முடியாது, ஷிஃப்டை விட்டால் துல்லியம் போய்விடும். கடினம் எங்கே தொடங்குகிறது என்பது இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது. ரசனை அதற்குப் பிறகுதான்.

ஐந்து தோட்டாவும் ஆறு தோட்டாவும்

எல்லாம் மாறுகிற இடத்துக்கு வருகிறேன். வட்டத்தை விட்டுவிட்டு, வீரரைக் குறிபார்த்துச் சுடும் ஒரு விசிறியை எழுதுங்கள். கெட்ஆங்கிள்டுபிளேயர் என்ற கட்டளை பாஸிலிருந்து வீரர் இருக்கும் கோணத்தைத் தரும். அதை நடுவாக வைத்து 15 பாகை இடைவெளியில் ஐந்து தோட்டா: மைனஸ் 30, மைனஸ் 15, சுழியம், 15, 30. பொதுவாக எழுத வேண்டுமானால், தோட்டாவின் வரிசை எண்ணிலிருந்து (சுழியத்தில் தொடங்கி எண்ண வேண்டும்) மொத்தத்தில் ஒன்று குறைத்ததன் பாதியைக் கழித்து, 15ஆல் பெருக்கி, குறிக்கோணத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். எண்ணிக்கையை மாற்றினாலும் விசிறி நடுவிலேயே நிற்கும். இப்போது அந்த 5ஐ 6 ஆக்கிப் பாருங்கள். கோணங்கள் மைனஸ் 37.5, மைனஸ் 22.5, மைனஸ் 7.5, 7.5, 22.5, 37.5. நடுவில் தோட்டா இல்லை. வீரர் நின்ற இடத்தை விட்டு அசையாமல் இருந்தால் நடு இரண்டு தோட்டாவும் அவரது இரு பக்கமும் 39 பிக்சல் தள்ளிப் போய்விடும்.

ஒற்றைப்படை விசிறி நிற்பவரைக் கொல்லும். இரட்டைப்படை விசிறி ஓடுபவரைக் கொல்லும். ஐந்தைத் தாண்ட எவ்வளவு நகர வேண்டும்? ஆரங்கள் இரண்டின் கூட்டல், 6 பிக்சல். ஷிஃப்டோடு 4 ஃப்ரேம், ஒரு மெல்லிய தட்டல். ஆறில் பக்கத்துத் தோட்டாவில் போய் முட்ட எவ்வளவு நகர வேண்டும்? 39இல் 6 போக 33 பிக்சல். ஷிஃப்ட் இல்லாமல் பதறி அம்பு விசையை 9 ஃப்ரேம் அழுத்தினாலே போதும், முட்டிவிடுவார். ஷிஃப்டோடு என்றால் 21 ஃப்ரேம் ஆகும். ஐந்தும் ஆறும் மாறி மாறி, 40 ஃப்ரேம் இடைவெளியில், வேகம் 3இல் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புதிதாக ஆடுகிறவர் ஐந்துக்குப் பெரிதாக ஓடுவார், அந்த ஓட்டம் நிற்காமல் ஆறில் போய் விழுவார். நாலைந்து தடவை செத்த பிறகு விரல் தானாக ஷிஃப்டைத் தேடும். மெதுவாக நகர் என்று எந்தப் பாடப்பெட்டியும் திரையில் வரவில்லை. பதினொரு தோட்டாக்களே சொல்லிக்கொடுத்துவிட்டன.

இதை எழுதிப் பார்த்த கையோடு ஒரு பிள்ளை மாறிவிடுவதைப் பல தடவை பார்க்கலாம். அதுவரை “இன்னும் எத்தனை தோட்டா போடலாம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தவர், “இப்போ அவங்க எங்க நிப்பாங்க?” என்று கேட்கத் தொடங்குவார். தேயிலைத் தோட்டத்தை ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரே பச்சை விரிப்பு, கால் வைக்க இடமில்லை. உள்ளே இலை பறிக்கிறவர்களுக்கு மட்டும் எந்த வரிசைக்கு நடுவே நடப்பது என்று தெரியும். தோட்டா மழையும் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு நிறைந்திருக்க வேண்டும், உள்ளே நிற்கிறவருக்குத் தடம் தெரிய வேண்டும். தடத்தை முதலில் போட்டுவிட்டு அதைச் சுற்றித் தோட்டாவை நட வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இந்த ஒன்று பிடிபட்டால் மற்ற வகைகளை வேகமாகக் கடக்கலாம். குறிபார்த்த ஒற்றைத் தோட்டாக்களை 6 ஃப்ரேமுக்கு ஒன்றாகத் தொடர்ந்து சுட்டால் வீரர் ஒரே பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போவார். நடுவிலிருந்து களத்தின் ஓரம் 192 பிக்சல், ஷிஃப்டோடு சரியாக 120 ஃப்ரேம். அதற்குள் சுடுவதை 30 ஃப்ரேம் நிறுத்துங்கள். வேகம் 3இல் அது தொடரில் 90 பிக்சல் ஓட்டை, அதன் வழியே அவர் மறுபக்கம் திரும்பிவிடலாம். நிறுத்தாமல் விட்டால் மூலையில் மாட்டிச் சாவார், அது அவர் தவறும் ஆகாது. சுருளுக்கு, ஒவ்வொரு சுடலுக்கும் கோணத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 10 பாகை கூட்டினால் ஒற்றைச் சுருள். 121 கூட்டினால் மூன்று கைகள் கொண்ட காற்றாடி மெதுவாகத் திரும்பும், ஏனென்றால் மூன்று சுடலில் 363, ஒரு சுற்றுக்கு 3 பாகை மிச்சம். 137.5 கூட்டினால் சூரியகாந்தி விதைபோல எங்கும் சீராகப் பரவும். கூட்டும் எண்ணையே ஒவ்வொரு தடவையும் 0.2 கூட்டிப் பாருங்கள், ஒரே நாலு வரி நிமிடத்துக்கு ஒரு வடிவம் எடுக்கும். ரேண்டத்தை, அதாவது தற்செயல் எண்ணை, கடைசிக்கு வையுங்கள். கோணமும் வேகமும் இரண்டும் ரேண்டம் என்றால் பின்னால் கிளம்பிய வேகத் தோட்டா முன்னால் போன மெதுத் தோட்டாவைப் பிடித்து, எப்போதாவது சுவராக நிற்கும். கோணம் மட்டும் ரேண்டம், வேகம் ஒன்றே என்று வைத்தால் அந்த ஆபத்து பெருமளவு குறையும்.

நிறத்திலும் நியாயம் வேண்டும். குறிபார்க்கும் தோட்டாவுக்கு ஒரு நிறம், குறியில்லாததுக்கு இன்னொன்று, ஆட்டம் முழுக்க மாற்றாமல். பின்னணி தோட்டாவை விட மங்கலாக, நிறம் குறைந்ததாக இருக்கட்டும். ஊட்டி ஏரி போட்டோவைப் பின்னணியாகப் போட ஆசை வரும், போட்டால் வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். வீரர் பாஸை விட்டு 60 பிக்சலுக்குள் வந்தால் குறிபார்த்துச் சுடாதே என்று ஒரு நிபந்தனையும் சேருங்கள், முகத்தில் பிறக்கும் தோட்டாவை யாராலும் தாண்ட முடியாது.

தோட்டா மழை என்ற வகையே அடி விழும் வட்டத்தைச் சிறிதாக்கியதால் பிறந்தது என்று சொல்லலாம். 1993இல் டோவாப்ளான் கொண்டுவந்த பட்சுகன் என்ற கேமைத்தான் பலரும் அதன் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அந்த நிறுவனம் அடுத்த ஆண்டு மூடியது, அங்கிருந்து வந்தவர்கள் தொடங்கிய கேவ் என்ற நிறுவனம் 1995இல் டொன்பாச்சி என்ற கேமோடு வந்தது. கப்பல் பெரிதாகத் தெரியும், அதன் உயிர் நடுவில் சில பிக்சல்தான். ஆகவே உங்கள் கேமிலும் ஷிஃப்ட் அழுத்தும்போது அந்தப் புள்ளியைக் காட்டுங்கள். தெரியாத உயிரைக் காப்பாற்றச் சொல்வது அநியாயம்.

கோடோவுக்கு மாறும்போது

பத்து நல்ல தாக்குதல்கள் கையில் வந்த பிறகு, போனிலோ லினக்ஸிலோ கேம் ஓட வேண்டும் என்ற ஆசை வரும். அப்போது கோடோ என்ற இலவசப் பொது எஞ்சினுக்குப் போகலாம், அதுவும் யூனிட்டியோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய டவுன்லோடுதான். யீல்டு அங்கே அவெய்ட் ஆகிறது. கோணம் மட்டும் ரேடியனாகிவிடும், டெக்டுராட் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஒய் கீழ்நோக்கிக் கூடுவது அங்கேயும் அப்படியே.

முதலில் வரும் சிக்கல் வேகம். ஒவ்வொரு தோட்டாவையும் ஏரியா2டி நோடாக (கோடோவில் கேமைக் கட்டும் துண்டுதான் நோடு, ஏரியா2டி மோதலை உணரும் வகை) செய்து, பிறக்கும்போது உருவாக்கி வெளியே போனதும் அழித்தால், சில நூறு தாண்டியதும் பழைய லேப்டாப் முனகத் தொடங்கும். நோடுகளை அழிக்காமல் ஒளித்து வைத்துத் திரும்பப் பயன்படுத்துவது முதல் மருந்து. அதற்கும் மேல் வேண்டுமானால் நோடே வேண்டாம்: தோட்டாவின் இடம், வேகம், கோணத்தை அணிகளில் (அர்ரே) வைத்து, நீங்களே நகர்த்தி, மல்டிமெஷ் மூலம் ஒரே தடவையில் வரையுங்கள். கோடோவின் அதிகாரபூர்வ மாதிரி நிரல்களில் புல்லட் ஷவர் என்று ஒன்று இருக்கிறது, அது பிசிக்ஸ்சர்வரை நேரடியாக அழைத்து நோடு இல்லாமல் செய்கிறது, படித்துப் பாருங்கள். அடி விழுந்ததா என்று பார்ப்பதும் எளிது. எல்லாத் தோட்டாவும் மோத வேண்டியது ஒரே ஒரு வீரரோடுதான். எக்ஸ் வித்தியாசத்தின் வர்க்கமும் ஒய் வித்தியாசத்தின் வர்க்கமும் கூட்டி, ஆரங்கள் இரண்டின் கூட்டலின் வர்க்கத்தை விடக் குறைவா என்று பார்த்தால் போதும். வர்க்கமூலம் எடுக்கத் தேவையில்லை. ஆரங்களின் கூட்டல் 6 என்றால் விட்டம் 12, அதற்கு மேல் வேகமுள்ள தோட்டா ஒரு ஃப்ரேமில் வீரருக்கு இந்தப் பக்கமும் அடுத்ததில் அந்தப் பக்கமும் இருந்து தொடாமலே கடந்துவிடக்கூடும். அப்படிப்பட்ட வேகத்துக்கு ஃப்ரேமை இரண்டாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும்.

இன்னொன்று வீட்டு லேப்டாப்பில் தெரியாது, கல்லூரியில் போய்த்தான் தெரியும். தோட்டாவை நகர்த்தும் வரியைத் திரையின் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஓடும் பிராசஸுக்குள், டெல்டாவை (முந்தைய ஃப்ரேமிலிருந்து கழிந்த நேரம்) பெருக்காமல் எழுதியிருந்தால், ஊரில் 60 ஹெர்ட்ஸ் திரையில் சரியாக ஓடிய கேம் கோவையில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாக ஓடும். டெல்டாவைப் பெருக்கினால் வேகம் சரியாகும், ஆனால் ஃப்ரேமை எண்ணிச் சுடும் தாளம் திரைக்குத் திரை மாறும். நகர்வு, சுடுதல், மோதல் மூன்றையும் பிசிக்ஸ்பிராசஸுக்குள் வையுங்கள். அது இயல்பாகவே நொடிக்கு 60 தடவை ஓடுகிறது, டான்மாகுஃபுவில் போட்ட கணக்கெல்லாம் ஓர் எண் மாறாமல் வந்து உட்காரும். ஆடியதைத் திரும்ப ஓட்டிக் காட்டும் ரீபிளே பதிவு செய்ய நினைத்தால் இது இன்னும் முக்கியம். ரீபிளேயில் தோட்டாக்களின் இடத்தைச் சேமிப்பதில்லை, எந்த ஃப்ரேமில் எந்த விசை அழுந்தியிருந்தது என்பதையும் ரேண்டத்தின் விதை எண்ணையும் (ரேண்டம் எண் வரிசை தொடங்கும் எண், அதே விதை அதே வரிசையைத் தரும்) மட்டுமே சேமிக்கிறோம். வெடிப்புப் பொறி பறப்பதற்கும் தோட்டாவின் கோணத்துக்கும் ஒரே ரேண்டம் மூலத்தைப் பயன்படுத்தினால், எஃபெக்டைக் குறைத்து வைத்திருக்கும் இன்னொருவர் கம்ப்யூட்டரில் ரீபிளே வேறு பாதையில் போய், வீரர் வெற்றிடத்தில் எதையோ தாண்டிக்கொண்டிருப்பார். அழகுக்கு ஒரு ரேண்டம், ஆட்டத்துக்கு ஒரு ரேண்டம் என்று தொடக்கத்திலேயே இரண்டு ரேண்டம்நம்பர்ஜெனரேட்டர் வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கானதன் விதை எண்ணை ஒவ்வொரு சண்டையின் முதல் ஃப்ரேமிலும் கோப்பில் எழுதிவிடுங்கள்.